‘கம்ப்ரைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வருமா?

கேள்வி: மலைச்சாரல் (கோத்தகிரி)

வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. முதலில் தமிழில் எழுதி, பிறகு நானே ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தின் முதல் வாக்கியம் இன்னும் முடிவாகவில்லை.

தமிழில் அது இப்படி இருக்கிறது: “நீலகிரி மாவட்டம் உதகமண்டலம், குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய 6 வட்டங்களைக் கொண்டது.” ஆங்கிலத்தில் ‘கம்ப்ரைசஸ் சிக்ஸ் தாலுக்ஸ்’ என்று எழுதினேன். எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்தவர் அதை வாசித்துவிட்டு, ‘கம்ப்ரைசஸ்’ என்பதற்கு அருகில் ஓர் ‘ஆஃப்’ சேர்த்தார். அடுத்துப் படித்த ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் இரண்டையும் அடித்துவிட்டு ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்று எழுதி அனுப்பினார். இருவரும் தினமும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர்கள், இருவரும் தங்கள் திருத்தமே சரி என்று உறுதியாகச் சொல்கிறார்கள். போதாததற்கு, எங்கள் வீட்டு நிலத்தின் ஆங்கிலக் கிரயப் பத்திரத்தில் ‘கம்ப்ரைஸ்டு இன்’ என்று வேறு இருக்கிறது.

இதே சொல்லைப் போடலாமா என்று நான் தயங்கும் வாக்கியங்கள் இன்னும் இரண்டு:

“நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவை அடங்கும்.”

“தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்கள் சேர்ந்ததே தமிழ்நாட்டின் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியல்.”

எது சரி என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் சரி என்றும் தெரிந்தால்தான் அந்த இருவரிடமும் நான் பேச முடியும்.

பதில் 1: குறிஞ்சிப்பூ

‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ தவறு என்ற பேச்சு பழையது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஏற்றுக்கொள்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருப்பதாகவும் சொல்கிறது. அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி தன் மொழி வல்லுநர் குழுவிடம் கேட்டபோது, 1960-களில் 53 சதவீதம் பேர் அதை ஏற்கவில்லை. 1996-இல் 35 சதவீதம் பேர்தான் எதிர்த்தார்கள். எதிர்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. குழு உறுப்பினர் எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள். ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’ மட்டும் வேண்டாம், அதை எந்த நல்ல அகராதியும் ஏற்பதில்லை.

பதில் 2: பிழைதிருத்தி (சென்னை)

சகோதரி, நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் அறிக்கைகளைத் திருத்துவதே என் பிழைப்பு. இந்தச் சொல் வராத அறிக்கை அநேகமாக என் மேசைக்கு வந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தமிழ் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ‘வட்டங்களைக் கொண்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டது யார்? மாவட்டம். எதைக் கொண்டது? வட்டங்களை. முழுமை எழுவாயாக நிற்கிறது, பகுதிகள் ‘ஐ’ உருபு ஏற்றுச் செயப்படுபொருளாக நிற்கின்றன. ‘கம்ப்ரைஸ்’ வேலை செய்வதும் அப்படியேதான். லத்தீனில் ‘சேர்த்துப் பிடித்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்பதற்கும் அதுவே மூலம். பெரியது சிறியவற்றைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. தமிழில் ‘ஐ’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் நேரடியாகப் பெயர்ச்சொல் வரும். நடுவில் ‘ஆஃப்’ நுழைய இடமே கிடையாது.

பிறகு அந்த ‘ஆஃப்’ எங்கிருந்து வந்தது? ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ என்ற தொடரிலிருந்து. அந்த வினைக்கு ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்ட மாதிரி ‘ஆஃப்’ இங்கே வந்துவிட்டது. நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் இது மிகுதி. ‘டிஸ்கஸ்’ என்பதோடு ‘அபௌட்’ சேர்ப்பதும் இதே வகைதான். ‘டாக் அபௌட்’ பழகிய கை ‘டிஸ்கஸ்’ எழுதும்போதும் அதைச் சேர்த்துவிடுகிறது.

குழு உறுப்பினரின் ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ வேறு கதை. அது ‘இஸ் கம்போஸ்டு ஆஃப்’ என்பதன் சாயல். தமிழில் அதற்கு ஈடு ‘ஆனது’. ‘மாவட்டம் 6 வட்டங்களால் ஆனது’ என்று மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் செயப்பாட்டு வினை சரியாகவே வரும், ஆனால் வினைச்சொல் ‘கம்போஸ்’ ஆக இருக்க வேண்டும். ‘கொண்டது’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கிப் பாருங்கள்: ‘மாவட்டம் வட்டங்களால் கொள்ளப்பட்டது.’ தமிழ்க் காதுக்கு இது ஒட்டவில்லை. ஒட்டாததற்குக் காரணம், பிடித்திருக்கும் பொருளும் பிடிபட்ட பொருளும் இடம் மாறிவிட்டன. கவனமான ஆங்கில வாசகருக்கு ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ அப்படித்தான் கேட்கிறது.

குறிஞ்சிப்பூ சொன்ன அகராதித் தகவலை நான் மறுக்கவில்லை. அகராதியின் வேலை, மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பதிவு செய்வது. அறிக்கை எழுதுபவருக்கு வேறு கணக்கு உண்டு. ‘கம்ப்ரைசஸ்’ என்று தனியாக எழுதினால் உலகத்தில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், அந்தச் சிலரில் உங்கள் நிதியாளர் ஒருவராக இருக்கலாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடும் செய்வினையில், நேர்ச் செயப்படுபொருளோடு எழுதச் சொல்கிறது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. இந்த வினையை இரு திசையிலும் ஓடவிட்டால் எது பெரியது, எது சிறியது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். உங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கூடலூர் என்பது வருவாய்க் கோட்டத்தின் பெயர், அதற்குள் இருக்கும் வட்டத்தின் பெயரும் அதுவே. கூடலூர் கோட்டம் கூடலூர், பந்தலூர் ஆகிய 2 வட்டங்களைக் கொண்டது. இதை வெளிநாட்டில் இருப்பவர் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கோட்டம் பெரியதா, வட்டம் பெரியதா என்பது தெரியாது. வினைச்சொல்லின் இடப்பக்கத்தில் எப்போதும் முழுமை, வலப்பக்கத்தில் எப்போதும் பகுதிகள் என்று நீங்கள் ஒழுங்காக எழுதினால், அந்த வினையே அவருக்கு நம் நிர்வாக அமைப்பைக் கற்றுக்கொடுத்துவிடும்.

நல்ல முன்மாதிரி வேண்டுமானால் நம் அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆவது உறுப்பின் 3-ஆம் பிரிவு ‘த டெரிட்டரி ஆஃப் இந்தியா ஷால் கம்ப்ரைஸ்’ என்று தொடங்குகிறது. ‘ஆஃப்’ இல்லை. பிறகு மூன்று இனங்கள் வருகின்றன: மாநிலங்களின் நிலப்பகுதிகள், முதல் அட்டவணையில் குறித்த ஒன்றியப் பகுதிகள், இனிமேல் சேர்த்துக்கொள்ளப்படக்கூடிய பிற நிலப்பகுதிகள். அதே சட்டத்தின் 79-ஆவது உறுப்பு, நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரையும் இரு அவைகளையும் கொண்டது என்று சொல்லும்போது ‘ஷால் கன்சிஸ்ட் ஆஃப்’ என்கிறது. அங்கே ‘ஆஃப்’ உண்டு. கணக்குப் பிரிவு மூத்தவரிடம் இந்த இரண்டு உறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

அந்த மூன்றாவது இனத்தைக் கவனித்தீர்களா? இன்னும் வராத நிலத்துக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘கம்ப்ரைஸ்’ என்று தொடங்கிவிட்டால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும், ஒன்றும் விடுபடக் கூடாது என்ற கவனம் அதில் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன். உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு இது நேராகப் பொருந்தும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. நீங்கள் கொடுத்த ஐந்து பெயர்களில் முக்குருத்தி இல்லை. அது ஒரு தேசியப் பூங்கா, அதே காப்பகத்தில்தான் இருக்கிறது. ஆகவே உங்களுடையது முழுப் பட்டியல் அல்ல. அங்கே ‘இன்க்ளூட்ஸ்’ எழுதுங்கள். தமிழில் நீங்கள் போட்ட ‘ஆகியவை அடங்கும்’ என்பதற்கு அதுதான் சரியான ஈடு. முதுமலையைச் சொல்லிவிட்டு முக்குருத்தியை விட்டால் ‘இன்க்ளூட்ஸ்’ தாங்கும், ‘கம்ப்ரைசஸ்’ தாங்காது.

மூன்றாவது வாக்கியத்தில் எழுவாய் சமூகங்கள், அதாவது பகுதிகள். பகுதிகளை எழுவாயாக வைத்து ‘கம்ப்ரைஸ்’ எழுதக் கூடாது. ‘கான்ஸ்டிட்யூட்’ அல்லது எளிமையாக ‘மேக் அப்’ போடுங்கள். இல்லையென்றால் வாக்கியத்தைத் திருப்பி, பட்டியலை எழுவாயாக்கினால் ‘கம்ப்ரைசஸ்’ தாராளமாக வரும். எனக்குப் பிடித்தது முதல் வழி. தோடரும் கோத்தரும் வாக்கியத்தின் முன்வரிசையில் நிற்கட்டும், பட்டியல் பின்னால் வரட்டும்.

பதில் 3: பத்திர எழுத்தர் (ஈரோடு)

அம்மா, உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கும் ‘கம்ப்ரைஸ்டு இன்’ பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அது பிழை அல்ல. ஆங்கிலப் பத்திரங்களில் சொத்து விவரம் எழுதும்போது, இன்ன சர்வே எண்ணில் ‘கம்ப்ரைஸ்டு’ ஆன நிலம் என்று எழுதுவது நீண்ட கால வழக்கம். நாங்கள் தமிழில் ‘புல எண் 112, உட்பிரிவு 3-இல் அடங்கிய புஞ்சை நிலம்’ என்று எழுதுவோமே, அதேதான்.

மேலே பிழைதிருத்தி ஐயா சொன்ன முறையிலேயே பார்க்கலாம். புல எண் நிலத்தைத் தனக்குள் கொண்டிருக்கிறது. ஆகவே நிலம் புல எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. சிறியதை எழுவாயாக வைத்துச் செயப்பாட்டு வினை எழுதினால் ‘இன்’ வரும், பொருளும் கெடாது. பெரியதை எழுவாயாக வைத்துச் செயப்பாட்டு வினை எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

பத்திரத்தில் இந்தச் சொல்லை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு புல எண்ணில் 4 ஏக்கர் இருக்கலாம். அதில் விற்பது 60 சென்ட் மட்டும் இருக்கலாம். புல எண் முழுவதும் விற்கப்படுகிறதா, அதில் அடங்கிய ஒரு பகுதி மட்டும் விற்கப்படுகிறதா என்பது அந்த வரியில் தெளிவாக இருக்க வேண்டும். அதனால்தான் அடுத்த வரியிலேயே விஸ்தீரணத்தையும் நான்கு பக்கச் செக்குபந்தியையும் எழுதுகிறோம். உங்கள் ஆண்டறிக்கையில் இந்தச் சொல்லாட்சி தேவைப்படாது, பத்திரத்தில் இருப்பதைக் கண்டு குழம்பவும் வேண்டாம்.

பதில் 4: குழவிக்கல் (கோயம்புத்தூர்)

பிழைதிருத்தி சொன்னதில் ஒன்றோடு மட்டும் நான் உடன்படவில்லை. ‘கம்ப்ரைஸ்’ என்றால் பட்டியல் முழுமையானது என்கிறார். காப்புரிமை விண்ணப்பம் எழுதும் எங்களுக்கு அது நேர் எதிர். எங்கள் துறையில் ‘கம்ப்ரைசிங்’ என்றால் திறந்த பட்டியல்: இவை கட்டாயம் இருக்கும், வேறு பொருளும் கூட இருக்கலாம் என்று பொருள். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்றால் மூடிய பட்டியல்: இவை மட்டும்தான்.

எங்கள் ஊர்ப் பொருளையே உதாரணமாகச் சொல்கிறேன். புது மாதிரி மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றுக்கு உரிமைக் கோரிக்கை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம், அடிக்கல், குழவிக்கல், மோட்டார் ஆகியவற்றை ‘கம்ப்ரைசிங்’ என்று எழுதிவிட்டோம். நாளைக்கு வேறொருவர் அதே அமைப்பை எடுத்து, மேலே தேங்காய் துருவி ஒன்றைச் சேர்த்து விற்றால் அவரும் நம் கோரிக்கைக்குள் வந்துவிடுவார். நாம் சொன்ன எல்லாமே அவர் கிரைண்டரில் இருக்கிறது, கூடுதலாக ஒன்று இருப்பது அவரைக் காப்பாற்றாது. அதே இடத்தில் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எழுதியிருந்தால், தேங்காய் துருவியைச் சேர்த்தவுடன் அவர் வெளியே போய்விடுவார். ஒரு சொல்லில் வாடிக்கையாளரின் உரிமை முழுவதும் நிற்கிறது. இடைப்பட்ட வழியாக ‘கன்சிஸ்டிங் எஸென்ஷியலி ஆஃப்’ என்று ஒன்றும் உண்டு. கண்டுபிடிப்பின் அடிப்படைத் தன்மையை மாற்றாத சேர்க்கைகளை அது அனுமதிக்கும்.

எனவே ‘கம்ப்ரைஸ்’ என்றால் பட்டியல் முடிந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பதில் 5: பிழைதிருத்தி (சென்னை)

குழவிக்கல் நண்பரே, அருமையான விளக்கம். தேங்காய் துருவியை இனி நானும் மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்வது ஒரு துறையின் உடன்படிக்கை. உரிமைக் கோரிக்கையை எழுதுபவரும் பரிசீலிப்பவரும் வழக்காடுபவரும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் என்று ஏற்றுக்கொண்டிருப்பதால் அது அங்கே பிசகாமல் வேலை செய்கிறது. ஆண்டறிக்கையைப் படிப்பவருக்கு அந்த உடன்படிக்கை இல்லை. ‘மாவட்டம் உதகமண்டலத்தையும் குன்னூரையும் கொண்டது’ என்று எழுதினால், நீலகிரிக்கு 2 வட்டங்கள்தான் என்றே அவர் எடுத்துக்கொள்வார். கோத்தகிரியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவருக்கு அது நியாயமா?

ஆகவே இங்கே கேட்டிருப்பவருக்கு என் பதில் மாறவில்லை: முழுப் பட்டியல் என்றால் ‘கம்ப்ரைசஸ்’, சிலவற்றை மட்டும் சொன்னால் ‘இன்க்ளூட்ஸ்’. நீங்களும் நானும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் துறையிலும் இடப்பக்கத்தில் கிரைண்டர், வலப்பக்கத்தில் உறுப்புகள். அந்தத் திசை மாறுவதில்லை. அங்கேயும் ‘கம்ப்ரைசிங்’ என்பதற்கு அடுத்து ‘ஆஃப்’ வருவதில்லை.

பதில் 6: குறிஞ்சிப்பூ

திசை பற்றிய விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. கூடலூர் உதாரணத்தில் ‘கம்ப்ரைஸ்டு ஆஃப்’ எழுதினாலும் பொருள் புரியும் என்பது என் கருத்து, ஏனென்றால் அந்தத் தொடரிலும் முழுமைதான் முன்னால் வருகிறது. குழப்பம் வருவது ‘6 வட்டங்கள் மாவட்டத்தை கம்ப்ரைஸ் செய்கின்றன’ என்று திருப்பி எழுதும்போதுதான். ஆனாலும் முதல் பக்கத்தின் முதல் வாக்கியத்தில் யாரும் குறை சொல்லாத வடிவத்தைப் போடுவதே நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பதில் 7: மலைச்சாரல் (கோத்தகிரி)

அனைவருக்கும் நன்றி. 1-ஆவது உறுப்பையும் 79-ஆவது உறுப்பையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கணக்குப் பிரிவு ஐயாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். “சரிம்மா, ஆஃபை எடுத்துவிடு” என்றார். குழு உறுப்பினருக்கு ‘ஆனது’, ‘கொண்டது’ என்ற வேறுபாட்டை மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். ‘கம்போஸ்டு ஆஃப்’ என்றாலும் தனக்குச் சம்மதம், எது வேண்டுமோ வைத்துக்கொள் என்று பதில் வந்தது.

முதல் வாக்கியத்தில் ‘கம்ப்ரைசஸ்’ என்றே வைத்துவிட்டேன். காப்பக வாக்கியத்தில் முக்குருத்தியையும் சேர்த்தேன், ஆனாலும் ‘இன்க்ளூட்ஸ்’ என்றே வைத்திருக்கிறேன். காப்பகத்தின் எல்லாப் பகுதிகளையும் நான் பெயர் சொல்லவில்லை. பழங்குடிகள் வாக்கியத்தில் ‘மேக் அப்’. தோடர் முதல் காட்டுநாயக்கர் வரை ஆறு பெயர்களும் முன்னால் நிற்கின்றன.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். விலை நிர்ணயக் கூட்டங்களுக்குப் போகும் எங்கள் குழுவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: “3 விவசாயிகளும் 2 களப்பணியாளர்களும் கொண்ட ஐவர் குழு.” செய்தித்தாள்களில் இந்த இடத்தில் ‘கம்ப்ரைசிங் ஆஃப்’ என்று பலமுறை பார்த்திருக்கிறேன். ‘இங்’ சேரும்போது மட்டும் ‘ஆஃப்’ வருமா?

பதில் 8: பிழைதிருத்தி (சென்னை)

வராது. வினை எந்த உருவத்தில் வந்தாலும் அதன் குணம் மாறாது. ‘கொண்டது’ என்பது ‘கொண்ட’ என்று பெயரெச்சமாக மாறும்போதும் ‘விவசாயிகளைக் கொண்ட’ என்று ‘ஐ’ ஏற்கிறது அல்லவா? அதைப் போலவே, குழு என்ற சொல்லுக்குப் பின் ‘கம்ப்ரைசிங்’, அதை ஒட்டி 3 விவசாயிகள், 2 களப்பணியாளர்கள். ‘ஆஃப்’ போட்டே ஆக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் வினையை மாற்றி ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எழுதிக்கொடுங்கள்.

அந்த வரியில் நான் இன்னொன்றும் செய்வேன். ஐவர் என்று சொல்லிவிட்டதால் எண்ணிக்கை ஐந்தாகக் கூட வேண்டும். அச்சுக்குப் போகும் முன் குழுவில் யாராவது மாறியிருக்கிறார்களா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.